போர்க்கால ஜீப்பின் நகல் கார்புரேட்டர்: எங்கே பிசகுகிறது?

இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ வண்டிகளைப் பழுதுபார்த்து மீட்டெடுப்பவர்களிடம் நகல் பாகங்களைப் பற்றி ஒரு மனக்கணக்கு உண்டு. பம்பர், சீட்டுச் சட்டம், பெட்ரோல் டேங்க் போன்ற தகரச் சாமான்கள் நகலாக வந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஓட்டை இடம் மாறியிருந்தால் வேறு ஓட்டை போட்டுக்கொள்ளலாம். மின்சாமான் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் என்றதும் பேச்சு சூடு பிடித்துவிடும். பெட்டியைப் பிரித்து மாட்டினேன், முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது என்பார் ஒருவர். அதே கடையில் அதே சரக்கை வாங்கிய இன்னொருவர், மாதக்கணக்கில் போராடியும் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் மெல்ல ஓடும்போது) இன்ஜின் சீராக ஓடவில்லை, பிளக் எல்லாம் கரியாகிறது என்று தலையில் அடித்துக்கொள்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு கார்புரேட்டர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ள முடியும் என்பதுதான் இந்தச் சரக்கின் அடிப்படைச் சிக்கல்.

நகல்களிலேயே அதிகம் விற்பதும், அதிகம் திட்டு வாங்குவதும் ஜீப்புக்கானவைதான். வில்லிஸ் எம்பி, ஃபோர்ட் ஜிபிடபிள்யூ இரண்டும் சேர்ந்து 1941 முதல் 1945 வரை சுமார் 6.4 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. எல்லாவற்றிலும் ஒரே இன்ஜின்: 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 4000 சுற்றில் 60 குதிரைத்திறன். அதன் தலையில் உட்கார்ந்திருந்தது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து கார்ட்டர் நிறுவனத்தின் டபிள்யூஓ வகை ஒற்றைக் குழல் கார்புரேட்டர். ராணுவ ஜீப்புக்கான அதன் எண் 539எஸ். டாட்ஜ், ஜிஎம்சி லாரிகளில் ஜெனித் இருந்தது. ஹார்லி டபிள்யூஎல்ஏ மோட்டார் சைக்கிளில் லிங்கர்ட் எம்-88. அவற்றுக்கும் நகல் உண்டு, அவற்றைப் பற்றியும் புலம்பல் உண்டு. ஆனால் எது எப்படிக் கெடுகிறது என்று பார்க்க கார்ட்டர் டபிள்யூஓ ஒன்றே போதும்.

கார்புரேட்டரைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது வார்ப்பு: காற்று வாய், கிண்ணம், அடியில் இரும்பில் செய்த த்ராட்டில் (ஆக்சிலரேட்டருக்கேற்பத் திறந்து மூடும் தகடு) பகுதி, வெளியே நான்கைந்து நெம்புகோல்கள். நகல் செய்பவர்களும் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்தச் சாமானின் உண்மையான வேலை அளப்பது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு இழுவை வேண்டுமானால் 12.5 அல்லது 13 பங்கு. சிக்கனமாக ஓட அதைவிடக் கூடுதல். சோக் இழுத்த குளிர்ந்த இன்ஜின் முதல் மேட்டில் மூச்சுவாங்கும் இன்ஜின் வரை, எந்த நிலையிலும் இந்த விகிதத்தைச் சில சதவீதத்துக்குள் பிடித்து வைப்பதுதான் கார்புரேட்டரின் கடமை. அதற்கு அதனிடம் இருப்பவை சில துளைகள், ஒரு மிதவை, ஒரு ஊசி, காற்று உறிஞ்சும் அழுத்தம், இவ்வளவுதான். ஆக, துளையின் அளவுதான் மூளை.

கார்ட்டர் இந்த மூளையை வைத்த இடம் சற்று விசேஷமானது. பல கார்புரேட்டர்களில் மெயின் ஜெட் என்பது நிலையான ஒரு துளை. கார்ட்டரில் அந்தத் துளைக்குள் ஒரு மெல்லிய பித்தளைக் கம்பி தொங்குகிறது. மீட்டரிங் ராட் என்பது அதற்குப் பெயர். கம்பியின் மேற்பகுதி பருமன், நுனி மெலிவு. த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது பருத்த பகுதி ஜெட்டுக்குள் இருக்கும். பெட்ரோல் போக இடம் குறைவு, கலவை சிக்கனம். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் நெம்புகோல் கம்பியை மேலே தூக்கும், மெலிந்த நுனி மட்டும் ஜெட்டில் மிஞ்சும், கலவை கொழுக்கும். இழுவையும் சிக்கனமும் ஒரே கம்பியில் கிடைக்கும் அழகான ஏற்பாடு. நகலெடுப்பவருக்கு இதைவிடத் தொல்லையான ஏற்பாடு வேறில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நிலையான ஜெட்டில் 1 மில்லிமீட்டர் துளை 1.05 ஆகிவிட்டால் பரப்பு சுமார் 10 சதவீதம் கூடும். அதுவே கெடுதிதான். மீட்டரிங் ராட் உள்ள ஜெட்டில் பெட்ரோல் பாய்வது துளைக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள வளைய இடைவெளியில். பேச்சுக்கு, ஜெட் 2.20 மில்லிமீட்டர், அந்த இடத்தில் கம்பி 1.70 என்று வைத்துக்கொள்வோம். ஜெட் மட்டும் 0.05 பெரிதானால் வளையப் பரப்பு 11 சதவீதம் கூடும். கம்பியும் அதே 0.05 மெலிந்திருந்தால் மொத்தம் 20 சதவீதம். தலைமுடியின் பருமனை ஒத்த பிழை இரண்டு சேர்ந்தால், வண்டி ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், பிளக் கரி பிடிக்கும், பின்னால் வருபவர் மூக்கைப் பொத்துவார். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் விழுந்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அந்தப் பெட்டி யாருக்குக் கிடைத்ததோ அவர் நகலைப் புகழ்ந்து தள்ளுவார். ஒரே சரக்கு இரண்டு பெயர் எடுப்பதன் ரகசியத்தில் பெரும்பகுதி இதுதான்.

கம்பியின் பருமன் சரியாக இருந்தும் பயனில்லாமல் போகலாம். எந்த த்ராட்டில் நிலையில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை நிர்ணயிப்பது நெம்புகோல்களின் நீளமும் வளைவும். அதனால்தான் கார்ட்டர் இதற்கென்று ஓர் அளவுகோல் விற்றது. ராடைக் கழற்றிவிட்டு அந்த அளவுகோலை ஜெட்டில் நிறுத்தி, த்ராட்டிலை மூடி, ராடைத் தாங்கும் முளை அளவுகோலின் பள்ளத்தில் சரியாக உட்காரும்வரை இணைப்பை வளைத்துச் சரிசெய்ய வேண்டும். பழைய பட்டறைகளில் இது வழக்கமான வேலை. இன்றைக்கு நகல் பெட்டியோடு அந்த அளவுகோலும் வருவதில்லை, அப்படி ஒரு வேலை உண்டு என்ற குறிப்பும் வருவதில்லை. உள்ளே கம்பி ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றாலும் வெளியே எதுவும் தெரியாது. நடுவேகத்தில் வண்டி இழுக்காமல் திணறும். வாங்கியவர் ஜெட்டைக் குறை சொல்வார்.

அளவை உறுதிப்படுத்த ஒரே நேர்மையான வழி, பாய்ச்சிப் பார்ப்பது. துளையின் விட்டம் ஒன்றாக இருந்தாலும், உள்வாய் எப்படிச் சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் பிசிர் இருக்கிறதா, உட்சுவர் எவ்வளவு வழவழப்பு என்பதைப் பொறுத்துப் பாய்வு மாறும். ஹாலி என்ற இன்னொரு கார்புரேட்டர் நிறுவனத்து ஜெட் எண்கள் துளை விட்டத்தை அல்ல, பாய்வைக் குறிப்பவை என்பது இதனால்தான். ஜெட்டைத் துளையிட்டு, பாய்ச்சி, தரம் பிரிக்கத் தனிக் கருவியும் ஆளும் நேரமும் வேண்டும். மலிவு நகலில் முதலில் வெட்டுப்படுவது இந்தப் படி. ட்ரில் செய்தார்கள், பெட்டியில் போட்டார்கள்.

மெயின் ஜெட்டைவிட அதிகப் புகார் வருவது ஐடிலிங்கில். அதன் காரணம் இன்னும் நுட்பமானது. ஐடிலிங்கின்போது த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும்; பெட்ரோல் தனியான ஒரு சின்னப் பாதையில் வருகிறது. முதலில் லோ ஸ்பீடு ஜெட், அடுத்து கொஞ்சம் காற்று கலக்கும் துளை, பிறகு வேகத்தைக் கூட்டும் ஒடுக்கம், மறுபடி காற்று, கடைசியில் த்ராட்டில் குழலின் சுவரில் ஒரு சின்ன நீள்துளை. மூடிய தகட்டின் விளிம்பு அந்த நீள்துளையின் குறுக்கே நிற்க வேண்டும். விளிம்புக்குக் கீழுள்ள பகுதி இன்ஜினின் உறிஞ்சலுக்கு ஆட்பட்டுப் பெட்ரோலைத் தரும். மேலுள்ள பகுதி காற்றை உள்ளே விடும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் விளிம்பு நகர்ந்து நீள்துளை கூடுதலாகத் திறக்கிறது, பெட்ரோலும் படிப்படியாகக் கூடுகிறது. மெயின் ஜெட் விழித்துக்கொள்ளும்வரை வண்டியை நகர்த்துவது இதுதான்.

அந்த நீள்துளை அரை மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ போனால் கதை மாறிவிடும். விளிம்புக்கு மேலேயே துளை முழுதும் நின்றுவிட்டால் ஐடிலிங்கில் பெட்ரோல் வராது. கீழே நின்றுவிட்டால் ஐடிலிங் கொழுப்பாக இருக்கும், ஆனால் கால் வைத்ததும் ஒரு பள்ளம் விழுந்து இன்ஜின் திணறும். தகடும் லேசுப்பட்டதல்ல. அது முழு வட்டம் இல்லை. சாய்வாக மூடுவதற்காகச் சற்றே நீள்வட்டமாக வெட்டி, விளிம்பையும் அதே கோணத்தில் சரித்திருப்பார்கள். நகலில் சாதாரணமாக வட்டத் தகட்டை வெட்டி மாட்டிவிட்டால் சுற்றிலும் இடைவெளி விடும். குழல் 32 மில்லிமீட்டர் என்று வைத்தால் சுற்றளவு சுமார் 100. சுற்றிலும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே 10 சதுர மில்லிமீட்டர். அது ஏறக்குறைய 3.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளைக்குச் சமம். இன்ஜின் அடங்கவே அடங்காது. ஐடில் ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்தாலும் சுற்று குறையாது.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் கையாளும் சோதனை எளிது. சூடேறிய இன்ஜினில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுங்கள். ஆரோக்கியமான கார்புரேட்டரில் ஏதோ ஓர் இடத்தில் இன்ஜின் தடுமாறி அணைய வேண்டும். முழுக்க மூடிய பிறகும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால், பெட்ரோல் அந்தப் பாதையில் வரவில்லை. வேறு எங்கிருந்தோ ஒழுகுகிறது, அல்லது தகடு அளவுக்கு மீறித் திறந்து கிடக்கிறது. நகல்களில் இப்படி ஸ்க்ரூ வெறும் அலங்காரமாக இருப்பது அபூர்வமல்ல. சில சமயம் காரணம் அபத்தமாகவும் இருக்கும்: உள்பாதையைத் துளையிட்டபோது விழுந்த துருவல் அப்படியே அங்கே கிடக்கும். எனவே புது நகலை மாட்டுவதற்கு முன் பிரித்து, எல்லாப் பாதைகளிலும் காற்றடிப்பது நல்லது. புதிய சாமானை ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பிறகு வண்டியிலிருந்து இறக்கிப் பிரிக்கிறார்கள்.

வார்ப்பின் தரம் ஏன் ஏறி இறங்குகிறது என்பதற்குப் பணக் கணக்கு ஒன்று உண்டு. கார்ட்டர் தன் மேல்பகுதிகளையும் கிண்ணங்களையும் துத்தநாகக் கலவையில், எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சி வார்த்தது. அப்படிப்பட்ட அச்சு செய்யும் செலவு பெரிது. லட்சக்கணக்கில் கார்புரேட்டர் செய்தவர்களுக்கு அது கட்டுப்படியானது. வருடத்துக்குச் சில ஆயிரம் விற்றால் பெரிது என்கிற சந்தையில் அது கட்டாது. அதனால் எளிய வார்ப்பு முறைகளுக்குப் போகிறார்கள். இன்னும் மோசம், கையிலிருக்கும் பழைய பாகத்தையே மாதிரியாக வைத்து அச்சு எடுக்கிறார்கள். உலோகம் குளிரும்போது சுருங்கும். அலுமினியக் கலவைக்கு இது சுமார் 1.3 சதவீதம், 100 மில்லிமீட்டர் பாகம் 98.7 ஆகிவிடும். மாதிரியைச் சுருக்கத்துக்கேற்பப் பெரிதாக்காமல் வார்த்தால் போல்ட் ஓட்டைகளைத் துளையிட்டுச் சரிக்கட்டலாம், உள்பாதைகளின் கோணத்தைச் சரிக்கட்ட முடியாது. நகலின் நகல் என்றால் சுருக்கம் இரட்டிப்பு. போதாக்குறைக்கு, மாதிரியாக எடுத்த பாகம் எண்பது வருடம் உழைத்துத் தேய்ந்தது. அதன் த்ராட்டில் தண்டு ஓட்டை கோழிமுட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அளவெடுத்தவர் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே அளவெடுப்பார்.

உலோகத்தின் தூய்மையும் ஒரு பிரச்சினை. துத்தநாக வார்ப்பில் ஈயம், காட்மியம், வெள்ளீயம் கொஞ்சம் கலந்துவிட்டால் உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு பரவும். சில வருடங்களில் பாகம் வீங்கி, விரிசல் விட்டு, கையோடு உதிரும். இதற்கு மருந்து கண்டது நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம்: 99.99 சதவீதம் தூய துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்த்த ஜாமாக் கலவைகளை 1929-ல் கொண்டுவந்தது. போர்க்காலக் கார்புரேட்டர்கள் இத்தனை வருடம் நின்றதற்கு அந்தத் தூய்மைதான் காரணம். பழைய இரும்புக்கடைத் துத்தநாகத்தை உருக்கி வார்த்த நகல் இன்று பளபளவென்று இருக்கும். பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை வாங்கும்போது கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

கார்ட்டர் ஆலை 1984-ல் மூடப்பட்டது. அச்சு வார்ப்பு இயந்திரங்களின் ஹைட்ராலிக் எண்ணெயில் இருந்த பிசிபி என்னும் நச்சு ரசாயனம் கட்டடத்திலும் மண்ணிலும் ஊறிப்போக, அந்த இடத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் சூப்பர்ஃபண்ட் துப்புரவுத் திட்டத்துக்குள் கொண்டுவர நேர்ந்தது. நல்ல வார்ப்புக்குக் கொடுத்த விலையில் இதுவும் சேர்த்தி. பழைய தொழிற்சாலைகளை நினைத்துப் பெருமூச்சு விடுபவர்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

கிண்ணம் நிரம்பியதும் ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் மிதவை விஷயத்துக்கு வருவோம். 539எஸ்-க்கு மிதவை மட்டம் 3/8 அங்குலம், ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். மேல்மூடியைக் கவிழ்த்து, கேஸ்கட்டை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். நகல்கள் இந்த அளவில் வரும் என்று நம்பி மாட்டக் கூடாது. சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். இதைவிட ஆழமான கோளாறு ஊசி வால்வின் சீட்டில், அதாவது ஊசி உட்கார்ந்து மூடும் இடத்தில், இருக்கும். பம்ப் அழுத்தம் ஊசியைக் கீழே தள்ளுகிறது, மிதவை மேலே தள்ளி மூடுகிறது. சீட்டின் துளை 2 மில்லிமீட்டருக்குப் பதில் 2.4 என்றால், பரப்புக் கணக்கில் அழுத்தத்தின் கை 44 சதவீதம் ஓங்கும். மிதவை அதே பழைய மிதவை. ஜீப்பின் ஒரிஜினல் பெட்ரோல் பம்ப் (ஏசி என்ற நிறுவனம் செய்தது) சதுர அங்குலத்துக்கு 2, 2.5 பவுண்டு அழுத்தத்தைத் தாண்டாது. இன்று கிடைக்கும் சில நகல் பம்புகள் அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளுகின்றன. ஒரு நகல் பம்ப், ஒரு நகல் கார்புரேட்டர், இரண்டும் தனித்தனியே ஏதோ ஓடும். சேர்ந்தால் பெட்ரோல் வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் சொட்டும். இது ட்யூனிங் பிரச்சினை அல்ல, தீ விபத்து. கார்புரேட்டரை மாற்றுபவர் பம்ப் அழுத்தத்தை ஒரு மானி வைத்து அளக்காமல் விடக் கூடாது என்பேன்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு விசித்திரம். ஜீப்புக்கு விற்கும் நகல்களில் கார்ட்டர் வடிவத்தைவிட ஓரளவு நல்ல பெயர் எடுத்தது ஒரிஜினல் வடிவமே அல்லாத ஒன்று: சோலெக்ஸ் 32 பிபிஐசி வகையின் நகல்கள். போருக்குப் பிறகு பிரான்ஸில் ஹாட்ச்கிஸ் நிறுவனம் ஜீப்பை உரிமம் பெற்றுச் செய்தபோது அதன் எம்201 வண்டியில் வைத்தது இந்தக் கார்புரேட்டரைத்தான். பிரெஞ்சுப் படை அதை நீண்ட காலம் ஓட்டியது. சோலெக்ஸில் மீட்டரிங் ராட் இல்லை. மெயின் ஜெட், காற்றுத் திருத்தும் ஜெட், ஐடில் ஜெட் எல்லாம் தனித்தனியாக மரையில் திருகிக் கழற்றக்கூடிய சின்னப் பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும். நகலெடுத்தவர் ஜெட்டில் பிழை செய்திருந்தால் ஒரிஜினல் சோலெக்ஸ் ஜெட்டை வாங்கிச் செருகிவிடலாம். துல்லியம் கழற்றி மாற்றக்கூடிய இடத்தில் இருப்பதால் வார்ப்பின் பிழைகளை அது ஓரளவு மன்னிக்கிறது. கார்ட்டரின் துல்லியமோ ஜெட், ராட், நெம்புகோல், வார்ப்பு என்று நான்கு இடத்தில் பிரிந்து கிடக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றது ஒத்துழைப்பதில்லை. இதில் இழப்பு தோற்றம்தான். கண்காட்சியில் நடுவர் பானெட்டைத் தூக்கியதும் முகம் சுளிப்பார்; ஏர் கிளீனர் குழாய்க்கு ஓர் இணைப்பும் தேடவேண்டும். ஓட்டுவதற்காக வண்டி வைத்திருப்பவருக்கு அது பெரிய குறையாக எனக்குப் படவில்லை.

சோலெக்ஸ் வடிவம் எல்லாம் தப்பித்தது, மற்றவை எல்லாம் மாட்டிக்கொண்டன என்றும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ராணுவ லேண்ட் ரோவர்களில் வந்த ஜெனித் 36ஐவி, ஒரிஜினலே மேல்வார்ப்பு வளைந்து, உள்ளே பெட்ரோல் கசிந்து, கலவை கொழுக்கும் பழக்கமுள்ளது. பட்டறையில் கண்ணாடி மேல் எமரித்தாள் ஒட்டி, அந்தப் பரப்பைத் தேய்த்துச் சமன் செய்வது வழக்கம். நகலிலும் அதே நோய் அப்படியே வருவதில் ஆச்சரியமில்லை; வடிவத்தோடு வடிவத்தின் பலவீனமும் நகலாகிறது.

நகலின் மேல் விழும் பழியில் ஒரு பகுதி இன்றைய பெட்ரோலுக்குச் சேர வேண்டியது. பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வேண்டிய காற்று விகிதம் 14.7 அல்ல, சுமார் 14.1. அதே ஜெட்டில் அதே அளவு பாய்ந்தால் இன்ஜினுக்குக் கலவை நான்கு சதவீதம் மெலிந்ததாகத்தான் தெரியும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இந்தக் கலவைதான். அமெரிக்காவில் அதற்கு வெகு முன்பிருந்தே. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் துத்தநாகத்தில் வெள்ளைப் பூப் பூக்க வைக்கும். எத்தனால் பழைய ரப்பரையும் சிலவகை வார்னிஷையும் கரைக்கும். இன்றைய பெட்ரோல் மூடிய, அழுத்தமுள்ள இன்ஜெக்‌ஷன் குழாய்களுக்காகத் தயாராவது. திறந்த கிண்ணத்தில், எக்ஸாஸ்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டரில் அது சீக்கிரம் கொதித்துவிடும். ஓடி நின்ற வண்டி பத்து நிமிடம் கழித்துக் கிளம்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இதற்கு ஒரிஜினல் 539எஸ்-உம் விதிவிலக்கல்ல. இந்த ஒரு விஷயத்தில் நல்ல நகல் முந்திக்கொள்ளவும் கூடும்: விட்டான் என்னும் செயற்கை ரப்பரில் நுனி வைத்த ஊசி, எத்தனாலைத் தாங்கும் பம்ப் வாஷர் போன்றவை 1942-ல் கிடையாது.

வேறு இடத்துக் கோளாறும் கார்புரேட்டரின் கணக்கில் எழுதப்படுகிறது. ஜீப்பின் இன்டேக் மேனிஃபோல்டில் கிராங்க்கேஸ் காற்றை இழுக்கும் ஒரு வால்வு உண்டு. அது கரி பிடித்துத் திறந்தபடி நின்றுவிட்டால் அளவில்லாத காற்று உள்ளே போய் ஐடிலிங் ஆட்டம் காணும்; எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும் ஆட்டம் தொடரும். அந்தக் குழாயைக் கழற்றி வாயை அடைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கார்புரேட்டர் கோளாறில் பாதி, பிளக்குகளுக்கு மின்பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிறது என்று பழைய மெக்கானிக்குகள் கேலியாகச் சொல்வதுண்டு. அதற்கு வரும் நகல் கண்டென்சர்களின் இன்றைய தரத்தைப் பார்த்தால் அதைக் கேலி என்று ஒதுக்க மனம் வரவில்லை.

ஒரிஜினல் என்றதும் கும்பிடத் தேவையும் இல்லை. எண்பது வருடப் பழைய 539எஸ்-இல் த்ராட்டில் தண்டு ஆடும், அந்த ஆட்டத்தின் வழியே இன்ஜின் காற்று இழுக்கும். போல்ட்டை இறுக்கி இறுக்கி மேல்மூடியின் காதுகள் வளைந்திருக்கும். யாரோ ஒரு காலத்தில் ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தியிருப்பார்கள். பித்தளையில் ஒருமுறை கம்பி உரசினால் அளவு போனதுதான். போருக்குப் பிந்தைய சிவில் ஜீப்புகளின் 596எஸ், 636எஸ் போன்ற கார்புரேட்டர்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டுப்போட்டதும் நிறையக் கிடைக்கும். வெளியே அண்ணன் தம்பி போல இருந்தாலும் உள்ளே ராடும் ஜெட்டும் ஒரே அளவென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேய்ந்த தண்டு ஓட்டைக்கு நன்றாகப் புஷ் (உட்குழல்) அடித்து, பரப்புகளைச் சமன் செய்து, ராடை அளந்து தேர்ந்த பட்டறை மீட்டுக்கொடுத்த ஒரிஜினல்தான் இன்றும் முதலிடம் என்பது என் எண்ணம். ஆனால் மீட்டதாகச் சொல்லி, மேலே தூள் பீய்ச்சிப் பளபளப்பாக்கி, புதுக் கேஸ்கட் வைத்து விற்பதை மீட்பு என்று சொல்ல முடியாது. அதைவிடப் பொறுப்பாகச் செய்த நகல் எவ்வளவோ மேல்.

பொறுப்பாகச் செய்தது எது என்று வாங்குவதற்கு முன் கண்டறிய முடியுமா? ஓரளவு முடியும். விற்பவரிடம் ராடின் அளவும் ஜெட்டின் அளவும் கேளுங்கள். எண் சொல்பவர் அளந்திருக்கிறார். பதிலுக்கு அட்டைப்பெட்டியின் படத்தை அனுப்புபவர் அளக்கவில்லை. கைக்கு வந்ததும் மூடியைக் கழற்றி, எஃகு ஸ்கேலை நிமிர்த்திப் பரப்பின் மேல் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். த்ராட்டிலை மூடி, கீழிருந்து டார்ச் அடித்து மேலே பாருங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய, ஒரே சீரான வெளிச்சக்கோடு தெரிந்தால் சரி, ஒரு பக்கம் பிறை தெரிந்தால் தகட்டின் திருகுகளைத் தளர்த்தி மறுபடி மையப்படுத்த வேண்டும். அப்போதே ஐடில் நீள்துளை விளிம்புக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் தெரியும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ராடின் மூன்று இடங்களை மைக்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படை கார்ட்டர் கார்புரேட்டர்களுக்கென்றே வெளியிட்ட டிஎம் 9-1826ஏ கையேட்டில் பிரிக்கும் முறையும் சரிசெய்யும் முறையும் படத்தோடு இருக்கின்றன. நகலுக்கும் அதுவே வழிகாட்டி.

வண்டியில் ஏற்றிய பிறகு காது மட்டும் போதாது. வாக்குவம் மானி மாட்டினால், நல்ல நிலையிலுள்ள இன்ஜின் ஐடிலிங்கில் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலத்துக்குள் ஓரிடத்தில் நிலையாக முள் காட்டும். எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சார் செருகி விகிதத்தை நேரடியாகப் படிக்கும் மீட்டர்கள் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. 1943-ல் கார்ட்டர் ஆலையில்கூட இல்லாத வசதி. ஒரு மேட்டுச் சாலையில் ஏற்றி இறக்கினால், பாதித் த்ராட்டிலில் கலவை எப்படி, முழுத் த்ராட்டிலில் எப்படி என்று தெரிந்துவிடும். பாதியில் சரி, முழுதில் மெலிவு என்றால் ராடின் நுனியைச் சந்தேகப்படலாம். எல்லா நிலையிலும் ஒரே அளவு கொழுப்பு என்றால் மிதவை மட்டம் அல்லது ஜெட்.

இன்னொன்று. பழைய கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்ளும் விற்பனையாளர்கள் உண்டு. கிண்ணம் விரிசல் விட்டது, இனி எதற்கு என்று பலர் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். உடல் செத்திருந்தாலும் அதற்குள் இருக்கும் ராடும் ஜெட்டும் கார்ட்டர் கைப்பட அளந்து போட்டவையாக இருக்கலாம். தேயாமல் இருந்து, மரையும் ஒத்துவந்தால், நகலின் உடலுக்குள் அவற்றை மாற்றிவிடுவதுதான் இந்த எல்லாத் தொல்லைகளுக்கும் இருப்பதிலேயே மலிவான வைத்தியம். கொடுப்பதற்கு முன் அவ்விரண்டையும் கழற்றி அளந்துவிடுங்கள். 539எஸ் என்று பொறித்த அந்தச் சின்னத் தகட்டையும் மறக்காமல் எடுத்து வையுங்கள், நகலோடு அது வராது.